அசைப்பது யார்? தலைக்காயத்துக்குப் பிறகு எந்தச் சிகிச்சை, எப்போது

தலையில் அடிபட்ட என் தம்பிக்கு வீட்டில் நடந்த முதல் பிசியோதெரபி இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. தெரபிஸ்ட் அவனுடைய இடது கையை மணிக்கட்டிலும் முழங்கையிலும் பிடித்து மெல்லத் தூக்கினார், இறக்கினார். இருபது முறை. அப்புறம் காலை மடக்கி நீட்டினார். அதுவும் இருபது முறை. தம்பி ஜன்னலைப் பார்த்தபடி படுத்திருந்தான். அரை மணி நேரம் முடிந்தபோது தெரபிஸ்டின் சட்டை நனைந்திருந்தது. தம்பிக்கு ஒரு சொட்டு வேர்க்கவில்லை.

அதில் எனக்கு அப்போது குறை ஒன்றும் தெரியவில்லை. தினமும் சிகிச்சை நடக்கிறது என்ற நிம்மதிதான் இருந்தது. மூன்று மாதம் கழித்து வேறொரு தெரபிஸ்ட் வந்தார். அவனை நாற்காலியில் உட்காரவைத்து, மேசையில் ஒரு காலி டம்ளரை வைத்தார். "தம்பி, இதைத் தள்ளுங்க. எப்படியாவது தள்ளுங்க" என்று சொல்லிவிட்டு விலகி நின்றுகொண்டார். அவன் பல்லைக் கடித்தான், தோளை உயர்த்தினான், உடம்பையே ஒரு பக்கம் சாய்த்தான். டம்ளர் நான்கு விரற்கடை நகர்ந்தது. அவன் நெற்றியெல்லாம் வேர்வை.

அன்றிலிருந்து யார் எந்தச் சிகிச்சையைச் சொன்னாலும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இதில் அசைப்பது யார்? இயந்திரமா, தெரபிஸ்டா, அவனா? மூளை இழந்த அசைவைத் திரும்பக் கற்றுக்கொள்வது, அடிபட்டவர் தானே முயன்று, தப்பாகச் செய்து, மறுபடியும் செய்வதால்தான். மிஞ்சியிருக்கும் நரம்புப் பாதைகள் புது வேலையை ஏற்றுக்கொள்ள அந்த முயற்சி தேவைப்படுகிறது. அடுத்தவர் அசைத்துவிடுவது வீண் என்று நான் சொல்லவில்லை. சுயநினைவு திரும்பாதவருக்கும், துளிகூட அசைவு வராத கைக்கும் அதைத்தான் செய்ய முடியும். ஆனால் அது காத்திருக்கும் காலத்து வேலை. அதையே ஆறு மாதம், ஒரு வருடம் என்று செய்துகொண்டிருந்தால் அருமையான காலம் கையைவிட்டுப் போய்விடும்.

நான் மருத்துவர் இல்லை, நான்கு வருடமாகத் தம்பியோடு இருக்கும் அக்கா. இந்த நான்கு வருடத்தில் எங்கள் முன்னால் வந்த வழிகளை, படித்ததையும் பட்டதையும் வைத்து இங்கே ஒப்பிடுகிறேன். உங்கள் வீட்டில் அடிபட்டவருக்கு எது சரி என்பதை அவரைத் தொட்டுப் பார்த்த மருத்துவரும் தெரபிஸ்டும்தான் சொல்ல முடியும். அவர்களிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

கை ஏன் வரவில்லை?

வழிகளை ஒப்பிடும் முன், எது தடுக்கிறது என்று தெரிய வேண்டும். நாங்கள் இதைத் தாமதமாகத்தான் கேட்டோம்.

கீழே நான் சொல்லும் ஆய்வுகள் பலவும் பக்கவாதம் வந்தவர்களிடம் நடந்தவை, அதனால் வித்தியாசத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். பக்கவாதத்தில் பெரும்பாலும் மூளையின் ஒரு பகுதிக்குப் போகும் ரத்தம் தடைபட்டு அந்தப் பகுதி சேதமாகிறது. தலைக்காயம் அப்படி ஓர் இடத்தோடு நிற்பதில்லை. வேகமாகப் போய்க்கொண்டிருந்த தலை சட்டென்று நிற்கும்போது மூளை உள்ளுக்குள் முறுக்கி இழுபடுகிறது. நீளமான நரம்பிழைகள் பல இடங்களில் அறுபடுகின்றன. அதனால் ஒரே ஆளிடம் கையில் பலவீனம், காலில் இறுக்கம், நடையில் தள்ளாட்டம், எழுந்தால் தலைசுற்றல் என்று எல்லாம் கலந்து வரும். இதற்கு மேல் கவனம் நிலைக்காது, சொன்னது மறக்கும், சீக்கிரம் களைப்பு வரும், சிலருக்கு 'ஆரம்பிப்பதே' வராது. தம்பிக்குக் கடைசியாகச் சொன்னது நிறையவே இருந்தது. "கையைத் தூக்குடா" என்றால் பேசாமல் இருப்பான். சோம்பல் என்று நினைத்து நான் திட்டியிருக்கிறேன். அது காயத்தின் பகுதி என்று எனக்குப் புரிய ஒரு வருடம் ஆனது. பந்தை அவனை நோக்கி உருட்டினால் சொல்லாமலே கை நீண்டது.

தடை எது என்பதைப் பொறுத்துச் சிகிச்சையே மாறிவிடும். தசையில் பலமில்லை என்றால் பயிற்சி. பலம் இருந்தும் எதிர்த்தசை இறுக்கிப் பிடிக்கிறது என்றால் இறுக்கத்தைத் தளர்த்த வேண்டும். சிறுமூளை அடிபட்டுக் கை குறி தவறிப் போகிறது என்றால், தளர்த்தும் மருந்தால் பயனில்லை, இன்னும் மோசமாகக்கூடும்.

மூளைக்குச் சம்பந்தமில்லாத தடைகளும் ஒளிந்திருக்கும். விபத்தில் தோள் நரம்பு தனியாக அறுபட்டிருக்கலாம், கவனிக்காமல் விட்ட சின்ன எலும்பு முறிவு இருக்கலாம். இன்னொன்று எங்களுக்குப் புதிய செய்தி: கடுமையான தலைக்காயத்துக்குப் பிறகு இடுப்பு, முழங்கை போன்ற மூட்டுகளைச் சுற்றித் தசைக்குள் புதிதாக எலும்பு வளரக்கூடும். மூட்டு சூடாக, வீங்கி, நாளுக்கு நாள் மடங்குவது குறைந்தால் இழுத்து இழுத்து மடக்கக் கூடாது, மருத்துவரிடம் காட்ட வேண்டும். அதேபோல், நன்றாகத் தேறிக்கொண்டு வந்தவர் சில மாதம் கழித்து நடையில் பின்வாங்கினால், மந்தமானால், சிறுநீர் அடக்க முடியாமல் போனால், மூளைக்குள் நீர் தேங்குகிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அது சரிசெய்யக்கூடியது. "பிசியோ போதவில்லை" என்று நினைத்து அதைத் தவறவிடக் கூடாது.

மருந்துச் சீட்டையும் ஒருமுறை முழுதாகப் பார்க்கச் சொல்ல வேண்டும். தீவிர சிகிச்சைப் பிரிவில் ஆரம்பித்த தூக்கம் வரவழைக்கும் மாத்திரைகள் சில சமயம் யாரும் நிறுத்தாமலே தொடரும். மயங்கிக் கிடப்பவருக்கு எந்தப் பயிற்சியும் ஏறாது. நீங்களாக மட்டும் எதையும் நிறுத்திவிடாதீர்கள், வலிப்பு மருந்தை முக்கியமாக.

மையமா, வீடா?

மருத்துவமனையிலிருந்து வெளியே வரும் நாளில் வரும் முதல் கேள்வி இது. தங்கிச் சிகிச்சை பெறும் மறுவாழ்வு மையம், தினமும் போய்வரும் பிரிவு, வீட்டுக்கு வரும் தெரபிஸ்ட் என மூன்று வழி.

கடுமையான காயம் என்றால், முதல் சில மாதங்களுக்கு மையத்தையே நான் முன்னால் வைப்பேன். அங்கே இயந்திரங்கள் இருக்கின்றன என்பதற்காக அல்ல. பிசியோதெரபிஸ்ட், கைவேலைகளைப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட், பேச்சுப் பயிற்சி தருபவர், உளவியலாளர், மருத்துவர் எல்லோரும் ஒருவரைப் பற்றி ஒன்றாக உட்கார்ந்து பேசுவார்கள் என்பதற்காக. விழுங்குவதில் சிக்கல் இருந்தால் களைப்பு கூடும், களைப்பு இருந்தால் நடைப்பயிற்சி நடக்காது. இந்த முடிச்சுகள் தனித்தனியாக வந்துபோகிறவர்களுக்குத் தெரிவதில்லை. ஒரு மையத்தைத் தேர்வு செய்யும்போது, அங்கே உட்கார்ந்து ஒரு நாள் பாருங்கள். நோயாளிகள் எவ்வளவு நேரம் கட்டிலில் இருக்கிறார்கள், எவ்வளவு நேரம் தாங்களாக எதையாவது செய்கிறார்கள்? எங்களுக்கு ஒரு மையம் பெரிய கூடமும் பளபளப்பான கருவிகளும் காட்டியது. தம்பிக்குக் கிடைத்தது நாளுக்கு நாற்பது நிமிடம். மீதி நேரம் சுவரைப் பார்த்து வீல்சேரில் இருந்தான்.

வீட்டின் பலம் வேறு. மையத்தில் கற்றது வீட்டுக் குளியலறையில் வராமல் போவது தலைக்காயத்தில் சாதாரணம். ஓர் இடத்தில் படித்ததை இன்னோர் இடத்துக்கு எடுத்துப்போவது அந்த மூளைக்குக் கஷ்டம். அதனால் உட்கார, எழுந்திருக்க, சட்டை மாட்ட ஓரளவு வந்தபின், அவர் வாழப்போகும் இடத்திலேயே பழகுவதுதான் லாபம். வீட்டின் பலவீனம் நாம்தான். அன்பால் எல்லாவற்றையும் நாமே செய்துவிடுகிறோம். பொத்தான் போட அவனுக்குப் பதினொரு நிமிடம் ஆகும். நான் போட்டால் அரை நிமிடம். அந்தப் பதினொரு நிமிடத்தைப் பொறுத்துக்கொள்ள முடியாத வீட்டில், எத்தனை தெரபிஸ்ட் வந்தாலும் பலன் குறைவுதான்.

எப்போது ஆரம்பிப்பது என்பதில் "எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது" என்பார்கள். பொதுவாகச் சரி, ஆனால் முழுச்சரி இல்லை. பக்கவாதத்தில் 2,104 பேரை வைத்து 2015-ல் வெளியான அவெர்ட் என்ற ஆய்வில், 24 மணி நேரத்துக்குள் அடிக்கடி எழுப்பி நடமாடவைத்தவர்கள், வழக்கமான கவனிப்பு பெற்றவர்களைவிட மூன்று மாதத்தில் சற்று மோசமாகவே இருந்தார்கள். தலைக்காயத்தில் மூளை அழுத்தமும் ரத்த அழுத்தமும் நிலைக்கு வந்துவிட்டன என்று நரம்பியல் குழு சொன்ன பிறகுதான் ஆரம்பம். வீக்கத்துக்காக மண்டை ஓட்டின் ஒரு துண்டை எடுத்து வைத்திருந்தால், எழுந்து நிற்கும் ஒவ்வொரு முறையும் ஹெல்மெட் கட்டாயம்.

இன்னும் கண் திறந்தும் சுயநினைவு சரியாக வராத நிலையில் இருப்பவருக்கு அமன்டடின் என்ற மருந்தைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். காயமாகி 4 முதல் 16 வாரம் ஆன 184 பேரிடம் நடந்து 2012-ல் வெளியான ஆய்வில், மருந்து கொடுத்த நான்கு வாரங்களில் தேறும் வேகம் கூடியது. எல்லோருக்கும் பொருந்தாது, வலிப்பு உள்ளவர்களுக்கு யோசித்துத்தான் தருவார்கள்.

கைப்பயிற்சி: எண்ணிக்கையில்தான் விஷயம்

எனக்குக் கண்ணைத் திறந்துவிட்ட எண் 32. பக்கவாதத்துக்குப் பிந்தைய பயிற்சிகளை நேரில் உட்கார்ந்து எண்ணிய ஓர் ஆய்வு 2009-ல் வந்தது. கையை ஒரு வேலைக்குப் பயன்படுத்தும் பயிற்சியில், ஒரு அமர்வில் நோயாளி செய்த அசைவுகள் சராசரியாக 32-தான். ஆய்வுக்கூட விலங்குகளில் மூளை மாற்றம் தெரிய, ஒரு அமர்வில் சில நூறு முறை செய்யவைக்கிறார்கள். இந்த இடைவெளியை யார் நிரப்புவது? தெரபிஸ்ட் போனபின் இருக்கும் மீதி நாள்தான் நிரப்ப வேண்டும்.

நாங்கள் துணி கிளிப்பில் ஆரம்பித்தோம். ஒரு டப்பாவின் விளிம்பில் முப்பது கிளிப். இடது கையால் ஒவ்வொன்றாக எடுத்துப் பக்கத்துக் கயிற்றில் மாட்ட வேண்டும். முதல் நாள் மூன்று மாட்டினான், நான்காவது கீழே விழுந்தது, டப்பாவைத் தட்டிவிட்டான். அவனுக்குக் கோபம் எளிதில் வரும், அதுவும் காயத்தின் பகுதிதான். அதனால் பத்து நிமிடம் பயிற்சி, இருபது நிமிடம் ஓய்வு என்று வைத்தோம். ஒரு நோட்டில் அவனே கோடு போடுவான். அந்தக் கோடுகள் இல்லையென்றால் காலையில் செய்தது மாலையில் ஞாபகம் இருக்காது. "நான் எதுவும் செய்யலையே அக்கா" என்பான். நோட்டைக் காட்டுவேன். எட்டாவது மாதத்தில் ஒரே நாளில் 260 கோடு.

இதன் உச்சக்கட்ட வடிவம்தான் நல்ல கையைக் கட்டிப்போட்டு, வராத கையை வேலைக்கு அனுப்பும் முறை. எட்வர்ட் டாப் என்ற உளவியலாளரின் யோசனை இது. பயன்படுத்த முயன்று தோற்றுத் தோற்று, அந்தக் கையை மறந்துவிடவே மூளை பழகிக்கொள்கிறது என்பதை அவர் குரங்குகளிடம் கண்டார். பக்கவாதம் வந்து 3 முதல் 9 மாதமான 222 பேரிடம் நடந்த எக்ஸைட் ஆய்வு 2006-ல் வெளியானது. விழித்திருக்கும் நேரத்தில் 90 சதவீதம் நல்ல கைக்கு உறை, இரண்டு வாரம், அதோடு தினமும் பல மணி நேரப் பயிற்சி. வழக்கமான கவனிப்பைவிடக் கை தெளிவாகத் தேறியது, ஒரு வருடம் கழித்தும் அது நின்றது. தலைக்காயம் பட்டவர்களிடமும் சிறிய அளவில் செய்து பலன் பார்த்திருக்கிறார்கள்.

ஆனால் இதற்குள் நுழைய ஒரு வாசல் உண்டு. மணிக்கட்டையும் விரல்களையும் சிறிதளவாவது தானாக மேலே நீட்ட வர வேண்டும். துளியும் வராத கைக்கு இது வெறும் தண்டனை. நல்ல கையால் ஊன்றுகோல் பிடித்து நடப்பவர் உறை மாட்டிக்கொண்டு நடக்கக் கூடாது. தம்பிக்கு முழு முறை தாங்கவில்லை. இரண்டாம் நாளே உறையைக் கிழித்தெறிந்தான். மூன்று மணி நேரமாகக் குறைத்து, உட்கார்ந்திருக்கும்போது மட்டும் மாட்டி, பத்து வாரத்துக்கு நீட்டினோம். அது நடந்தது.

ரோபோ பற்றி நிறையப் பேர் ஆசையோடு கேட்கிறார்கள். கையைப் பிடித்துக்கொண்டு திரையில் விளையாட்டுக் காட்டும் அந்த இயந்திரங்களைப் பற்றிய பெரிய ஆய்வு ரேட்டல்ஸ், 2019-ல் வெளியானது, 770 பேர், பக்கவாதம் வந்தவர்கள். வாரம் மூன்று முறை, முக்கால் மணி நேரம், 12 வாரம். வழக்கமான கவனிப்பைவிடக் கையின் பயன்பாடு மேம்பட்டதாகத் தெரியவில்லை. அதே அளவு நேரம் கூடுதலாகத் தெரபிஸ்டிடம் பயின்ற பிரிவும் அந்த அளவுகோலில் ஜெயிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். வாரம் இரண்டேகால் மணி நேரம் எந்த வழியில் போனாலும் போதாது என்றுதான் நான் எடுத்துக்கொள்கிறேன். ரோபோவில் எண்ணிக்கை நிறைய கிடைக்கும், அது உண்மை. ஆனால் கையின் பாரத்தை இயந்திரம் தாங்கிக்கொண்டால், நோயாளி சும்மா இருந்தாலும் கை போய்வரும். போய்ப் பார்க்கும்போது உதவியின் அளவைக் குறைத்துவைக்கச் சொல்லி, அவர் முயலாவிட்டால் கை நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் அது பயிற்சி.

நடை: வேர்க்க வேண்டும்

நடையிலும் இதே கதை. மேலிருந்து பட்டையில் தொங்கவிட்டு ட்ரெட்மில்லில் நடக்கவைப்பது பார்க்க அற்புதமாக இருக்கும். பக்கவாதம் வந்த 408 பேரிடம் நடந்த லீப்ஸ் ஆய்வு, 2011-ல் வெளியானது, அதை வீட்டில் தெரபிஸ்ட் வந்து செய்யவைத்த சாதாரணப் பலம், சமநிலைப் பயிற்சியோடு ஒப்பிட்டது. ஒரு வருடத்தில் இரண்டும் சமம். ட்ரெட்மில் வசதி இல்லையே என்று ஏங்கிக்கொண்டிருந்த எனக்கு அந்தச் செய்தி பெரிய ஆறுதல்.

தலைக்காயத்தையும் சேர்த்தே பேசும் ஒரு வழிகாட்டுதல் 2020-ல் வந்தது. காயமாகி ஆறு மாதத்துக்கு மேல் ஆனவர்கள், ஓரளவு நடக்கக்கூடியவர்கள், நடையின் வேகத்தையும் தூரத்தையும் கூட்ட என்ன செய்யலாம் என்பது அதன் கேள்வி. அது முன்வைத்தது, இதயத் துடிப்பு நன்றாக ஏறும் அளவுக்கு வேகமாக, கஷ்டப்பட்டு நடக்கும் பயிற்சி. விலகச் சொன்னது, ரோபோ நடத்திவிடும் நடையும், உடல் பாரத்தைத் தாங்கிக்கொண்டு செய்யும் ட்ரெட்மில் நடையும். இன்னும் நிற்கவே முடியாதவர் விஷயத்தில் அந்தப் பட்டைக்கும் ரோபோவுக்கும் இடம் உண்டு. தெரபிஸ்ட் இரண்டு பேர் சேர்ந்தும் தூக்க முடியாத உடம்பு என்றால் வேறு வழி ஏது? நடக்கத் தொடங்கிய பிறகும் அதிலேயே தங்கிவிடுவதில்தான் நஷ்டம்.

வேகப் பயிற்சிக்கு முன் இதயத்தையும் ரத்த அழுத்தத்தையும் மருத்துவர் பார்த்துச் சரி என்று சொல்ல வேண்டும். இடுப்பில் பிடிபட்டை, பக்கத்தில் ஒருவர், துடிப்பு எவ்வளவு வரை போகலாம் என்று எழுதிவைத்த எண், இந்த மூன்றும் இல்லாமல் வேண்டாம். ஒரு விழுதல் எல்லாவற்றையும் ஆறு மாதம் பின்னுக்குத் தள்ளிவிடும்.

தலைசுற்றலால் நடக்கப் பயப்படுபவர்களுக்கு மட்டும் ஒரு குறிப்பு. படுக்கையில் புரளும்போது சில விநாடிகள் எல்லாம் சுழல்கிறதென்றால், அடி விழுந்ததில் உள்காதின் நுண்படிகங்கள் இடம் மாறியிருக்கலாம். எப்லி என்ற மருத்துவர் வகுத்த தலையைத் திருப்பும் முறையில், கழுத்து எலும்பில் அடி இல்லை என்று உறுதியானபின், ஓரிரு அமர்விலேயே பெரும்பாலும் சரியாகிவிடும். இதை மூளைத் தள்ளாட்டம் என்று நினைத்து மாதக்கணக்கில் சமநிலைப் பயிற்சி செய்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இறுக்கத்துக்கு என்ன செய்வது?

தம்பியின் பாதம் கீழ்நோக்கி உள்பக்கமாகத் திரும்பி இறுகிக்கொண்டது. தினமும் இருமுறை நான் இழுத்து நீட்டிவிட்டேன், இரவில் பிளாஸ்டிக் பட்டை கட்டினேன். பெருமையாகவே செய்தேன். பின்னால்தான், மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி எடைபோடும் காக்ரேன் அமைப்பின் 2017 ஆய்வுத் தொகுப்பைப் பற்றித் தெரிந்தது: நரம்புப் பாதிப்பு உள்ளவர்களுக்கு ஏழு மாதம் வரை செய்த நீட்டல்கூட மூட்டின் அசைவைக் குறிப்பிடும் அளவு கூட்டவில்லை. வருத்தமாக இருந்தது. ஆனால் தினமும் அதில் போன ஒரு மணி நேரத்தை அவன் நிற்கும் பயிற்சிக்கு மாற்றிவிட்டோம்.

மருந்து வழிகளில் மாத்திரை எளிது. பேக்லோஃபென் போன்றவை உடம்பு முழுதும் தளர்த்தும். கூடவே தூக்கம், மந்தம். ஏற்கனவே கவனம் நிலைக்காத மூளைக்கு அந்த மந்தம் பெரிய விலை. தம்பி அதைச் சாப்பிட்ட வாரங்களில் நோட்டில் கோடுகள் பாதியாகக் குறைந்தன. எடுத்துக்கொள்பவர்கள் அதைத் திடீரென்று நிறுத்தவே கூடாது, வலிப்பும் பிரமையும் வரலாம்.

இறுகும் தசைக்குள்ளேயே போடும் போட்டுலினம் ஊசி அந்த இடத்தை மட்டும் தளர்த்தும், மூளையை மந்தமாக்காது. சில நாளில் ஆரம்பித்து, ஒரு மாதத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், மூன்று மாதத்தில் கரைந்துவிடும். ஓரிரு மூட்டுகள்தான் பிரச்சினை என்றால் மாத்திரையைவிட இதையே நான் தேர்வு செய்வேன். ஆனால் ஊசி தளர்த்த மட்டும்தான் செய்யும், அசைக்காது. அந்த மூன்று மாதத்தில் பயிற்சியை இரட்டிப்பாக்கத் திட்டம் இல்லாமல் ஊசி போட்டுக்கொள்வது கதவைத் திறந்துவிட்டு உள்ளே போகாமல் இருப்பதுதான். முதல் ஊசியில் நாங்கள் அப்படித்தான் விட்டோம். இரண்டாவதுக்கு, போட்ட பத்தாம் நாளிலிருந்து காலுக்கு மாவுக்கட்டு போட்டு, கோணத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டி மாற்றிக்கொண்டே வந்தார்கள். நடைப்பயிற்சியும் கூடவே நடந்தது. வித்தியாசம் கண்ணுக்குத் தெரிந்தது.

இரண்டு கால், உடம்பு என்று எல்லாம் இறுகி, உட்காரவைக்கவும் துடைத்துவிடவும் முடியாத நிலை என்றால் வயிற்றுத் தோலுக்கடியில் பம்ப் வைத்து, பேக்லோஃபெனை நேராகத் தண்டுவடத்தைச் சுற்றிய நீரில் சொட்டவைக்கும் வழி இருக்கிறது. மாத்திரையில் ஒரு சிறு பங்கு மருந்தே போதும் என்பதால் மந்தம் குறைவு. முதலில் ஒரு சோதனை ஊசி போட்டுப் பலனைப் பார்ப்பார்கள். அதை மறுபடி மறுபடி நிரப்ப வேண்டும், பேட்டரி தீர்ந்தால் மாற்ற அறுவை, குழாய் நழுவி மருந்து நின்றால் உயிருக்கே ஆபத்து. மருத்துவமனையை எளிதில் எட்ட முடியாத இடத்தில் இருப்பவர்கள் நன்றாக யோசிக்க வேண்டும்.

எந்த வழியானாலும், இறுக்கம் முழுக்கவே எதிரி இல்லை. பலமில்லாத காலில் சிலர் அந்த இறுக்கத்தின் மேல்தான் நிற்கிறார்கள். அதை அதிகமாகத் தளர்த்தினால் முழங்கால் மடங்கி விழுவார்கள். இன்னொன்று, இறுக்கம் ஒரே வாரத்தில் திடீரென்று கூடினால் மருந்தைக் கூட்டும் முன் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், படுக்கைப் புண், சதைக்குள் வளரும் கால் நகம் இவற்றைப் பாருங்கள். வலி தெரிவிக்க முடியாதவரின் உடம்பு அதை இறுக்கமாகக் காட்டும்.

பாதம் தொங்கினால்

இறுக்கம் அதிகமில்லாமல், நடக்கும்போது பாதம் தொங்கித் தரையில் தட்டுகிறது என்றால் இரண்டு வழி: கணுக்காலைத் தாங்கும் பிளாஸ்டிக் பட்டை, அல்லது முழங்காலுக்குக் கீழே கட்டி நரம்பை மின்சாரத்தால் தூண்டிப் பாதத்தைத் தூக்கவைக்கும் கருவி. பக்கவாத ஆய்வுகளில் நடை வேகத்தில் இரண்டும் ஏறத்தாழ சமம். மின்தூண்டல் கருவியில் தசை தானே வேலை செய்கிறது, பலருக்கு அது பிடிக்கிறது. ஆனால் தோல் உறுத்தும், சரியான இடத்தில் ஒட்டத் தெரிய வேண்டும், ஞாபகமாக சார்ஜ் ஏற்ற வேண்டும், வலிப்பு உள்ளவர்கள் கேட்டுக்கொண்டு தொடங்க வேண்டும். கணுக்கால் பக்கவாட்டில் புரளுகிறது, ஞாபகம் குறைவு என்றால் பட்டைதான் பாதுகாப்பு. தம்பிக்கு நான் பட்டையைத் தேர்ந்தெடுத்தேன். இங்கே மட்டும் 'அசைப்பது யார்' என்ற கேள்வியை ஓரமாக வைத்தேன். விழாமல் நடந்தால்தான் தினமும் நிறைய நடப்பான், அந்த நடையே பயிற்சி.

இவை தவிரக் காதில் விழுபவை

கையை இழந்தவர்களுக்கு அந்த இல்லாத கையில் வருவதுபோல் தோன்றும் வலிக்கு நரம்பியல் அறிஞர் வி. எஸ். ராமச்சந்திரன் கண்டுபிடித்த கண்ணாடி முறை, பக்கவாதக் கைக்கும் ஓரளவு உதவுகிறது. கண்ணாடியில் நல்ல கையைப் பார்த்தபடி இரண்டையும் அசைக்க முயல வேண்டும். துளியும் அசைவு வராத கட்டத்தில் நோயாளி தானே செய்யக்கூடிய மிகச் சில வேலைகளில் ஒன்று என்பதால் எனக்கு இதில் மதிப்பு உண்டு. கவனம் நிலைக்காதவர்களுக்கு ஐந்து நிமிடத்துக்கு மேல் போகாது.

ஸ்டெம் செல் (குருத்தணு) சிகிச்சை பற்றி: 2024-ல் ஜப்பான், தலைக்காயத்தால் நீடிக்கும் கைகால் வாதத்துக்கு, அறுவை மூலம் மூளைக்குள் செலுத்தும் ஒரு செல் சிகிச்சைக்கு நிபந்தனையோடும் கால வரம்போடும் அனுமதி அளித்தது. அதைக் காட்டி, கையில் ஊசியாகவோ முதுகில் ஊசியாகவோ வேறு எதையோ போடுகிறவர்கள் சொல்வது அதே சிகிச்சை அல்ல. பணம் வாங்கிக்கொண்டு செய்யும் 'ஆய்வு' என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

"ஆறு மாதத்தில் வராதது வராது" என்று எங்களிடமும் சொன்னார்கள். கடுமையான தலைக்காயம் பட்டவர்களைத் தொடர்ந்து பார்த்து 2021-ல் வெளியான ட்ராக் டிபிஐ ஆய்வில், அரைவாசிக்குச் சற்று அதிகமானவர்கள் ஒரு வருடத்துக்குள் நாளில் சில மணி நேரமாவது வீட்டில் தனியாகச் சமாளிக்கும் நிலைக்கு வந்திருந்தார்கள். வேகம் குறைவது உண்மை. தம்பியின் கட்டைவிரல் சுட்டுவிரலைத் தொட்டது இருபத்தெட்டாவது மாதத்தில்.

இப்போது எங்கள் முன்னால் இன்னொரு முடிவு இருக்கிறது. பாதத்தின் இறுக்கத்தில் எவ்வளவு நரம்பால் வருவது, எவ்வளவு தசைநார் குறுகிப்போனதால் வருவது என்று பார்க்க நரம்பை மரத்துப்போகவைத்துச் சோதித்தார்கள். பாதம் பாதிதான் மேலே வந்தது. மீதி, குறுகிப்போன குதிகால் நாண். ஊசியால் அது நீளாது, மாவுக்கட்டால் கொஞ்சம் நீளலாம், அறுவையால் நீட்டலாம். அதிகம் நீட்டிவிட்டால் தள்ளி நடக்கும் பலம் போய்விடும் என்பதையும் மருத்துவர் சொன்னார். தம்பி அவரிடம் கேட்டது ஒரே கேள்வி: "எத்தனை நாள் கட்டு?" சுமார் ஆறு வாரம் என்றார். வீட்டுக்கு வந்து நோட்டைத் திறந்து, காலுக்கான பக்கத்தை மூடிவைத்துவிட்டு, கைக்கான பக்கத்தில் இடது கையாலேயே ஆறு வாரத்துக்கும் கட்டம் போட்டுக்கொண்டிருக்கிறான்.